ஹாக்லரா, லெனார்டா?

1987 ஏப்ரல் 6. லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் வளாகத்தில், திறந்தவெளியில் போட்ட ரிங்கில், மார்வின் ஹாக்லரும் ஷுகர் ரே லெனார்டும் மிடில்வெயிட் பட்டத்துக்காக மோதினார்கள். அதற்கு முந்தைய பல மாதங்கள் குத்துச்சண்டை ரசிகர்களுக்கு வேறு பேச்சே இல்லை. பந்தயச் சந்தை ஹாக்லர் பக்கம் நின்றது, ஏறக்குறைய 3-க்கு 1. விளையாட்டு நிருபர்களில் பெரும்பாலோரும் அவர்தான் ஜெயிப்பார் என்று எழுதினார்கள்.

முடிவு தெரிந்தபின் விளக்குவது எளிது. அதனால் முடிவைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, சண்டைக்கு முந்தைய வாரம் ஒரு ரசிகனின் கையில் என்னென்ன தகவல்கள் இருந்தன என்று பார்ப்போம். ஒரு பட்டப் போட்டியைக் கணிப்பதில் எத்தனை அடுக்குகள் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சண்டை எனக்குத் தெரிந்து இல்லை.

மேலோட்டமான அடுக்கு, பதிவேடு. ஹாக்லருக்கு 32 வயது. 62 வெற்றி, 2 தோல்வி, 2 சமநிலை. தோல்வி இரண்டும் 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் நேர்ந்தவை. அதன்பின் 11 ஆண்டுகளாக அவரை யாரும் வென்றதில்லை. 1980-இல் லண்டனில் ஆலன் மின்டரை வீழ்த்திப் பட்டம் பெற்று, 12 முறை அதைக் காத்திருந்தார். லெனார்டுக்கு 30 வயது. 33 வெற்றி, 1 தோல்வி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் தங்கம், ராபர்ட்டோ டுரானையும் டாமி ஹெர்ன்ஸையும் வென்ற புகழ் எல்லாம் இருந்தன. ஆனால் 1982-இல் விழித்திரை விலகி, அறுவை சிகிச்சை செய்து, ஓய்வை அறிவித்தவர் அவர். 1984-இல் ஒருமுறை திரும்பிவந்து கெவின் ஹோவர்டுடன் மோதினார். அந்தச் சண்டையை வென்றாலும், தொழில்முறை வாழ்க்கையில் முதன்முறையாகக் குத்து வாங்கித் தரையில் விழுந்தார். அன்றே மறுபடியும் விலகினார். ஐந்து ஆண்டுகளில் அவர் போட்ட சண்டை அது ஒன்றுதான். எடையும் இடித்தது. அவர் பெயர் வாங்கியது 147 பவுண்டு வெல்டர்வெயிட்டில். 160 பவுண்டு மிடில்வெயிட் பிரிவில் அவர் அதுவரை ஒரு பட்டப் போட்டி கூட ஆடியதில்லை.

இவ்வளவோடு நின்றால் 3-க்கு 1 என்பதே தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த விகிதத்தின் பொருளைப் பலரும் கவனிப்பதில்லை. நான்கில் மூன்று பங்கு ஹாக்லருக்கு, ஒரு பங்கு லெனார்டுக்கு என்றுதான் சந்தை சொன்னது. நான்கில் ஒன்று என்பது சின்ன வாய்ப்பு இல்லை. அந்த ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள்தான் அடுத்த அடுக்குக்குப் போனார்கள்.

குத்துச்சண்டை விவாதம் நீதிமன்றம் போன்றது. ஒவ்வொருவரும் ஒரு பழைய சண்டையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவார்கள். ஹாக்லர் ரசிகர்களின் சாட்சி 1985 ஏப்ரல் 15: டாமி ஹெர்ன்ஸை மூன்றாம் ரவுண்டில் சாய்த்த இரவு. நெற்றியில் ரத்தம் வழிய, ஒரு அடிகூடப் பின்வாங்காமல் போய் அடித்த அந்தச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு, ஓய்விலிருந்து வரும் ஒருவர் அந்த மனிதருக்கு முன்னால் நிற்பார் என்று நம்பவே முடியவில்லை.

லெனார்ட் பக்கம் பேசியவர்கள் வேறு இரு சண்டைகளைக் கூப்பிட்டார்கள். ஒன்று 1986 மார்ச்சில் ஜான் முகாபியுடன் நடந்தது. 11-ஆம் ரவுண்டில் ஹாக்லர் ஜெயித்தார். ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தார், வாங்கத் தேவையில்லாத குத்துகளை வாங்கினார். ரிங் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் லெனார்டும் ஒருவர். அதோடு, அந்தச் சண்டைக்குப்பின் ஹாக்லரும் 13 மாதம் ரிங்கில் ஏறவில்லை. ஓய்வில் லெனார்டுக்குப் பிடித்த துருவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், சாம்பியனின் துருவை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

இன்னொன்று 1983 நவம்பரில் ராபர்ட்டோ டுரானுடன் நடந்த 15 ரவுண்டு சண்டை. என் பார்வையில் மொத்த வழக்கிலும் முக்கியமான சாட்சி இதுதான். டுரான் லைட்வெயிட்டிலிருந்து ஏறிவந்தவர். நேராக நின்று வாங்காமல், தலையை நகர்த்தி, ஹாக்லரை எட்டிக் குத்தவைத்து, நழுவித் திருப்பிக் கொடுத்தார். எதிரி தன்னைத் தேடி வராவிட்டால் ஹாக்லர் யோசிக்கத் தொடங்குவார், காத்திருப்பார், அந்தக் காத்திருப்பில் ரவுண்டு கைநழுவும். 13 ரவுண்டு முடிந்தபோது இரு நடுவர்களின் தாளில் டுரான் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். கடைசி இரண்டு ரவுண்டுகளையும் எடுத்துத்தான் ஹாக்லர் பட்டத்தைக் காப்பாற்றினார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். லெனார்ட் தரப்பு மூன்று நிபந்தனைகளைக் கேட்டு வாங்கியிருந்தது: 15 ரவுண்டுக்குப் பதில் 12, பெரிய 20 அடி ரிங், கனமான 10 அவுன்ஸ் கையுறை. ஈடாக ஹாக்லருக்குப் பணத்தில் பெரிய பங்கு கிடைத்தது. கையுறை கனத்தால் குத்தின் கூர்மை மழுங்கும். ரிங் பெரிதானால் ஓடுகிறவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். டுரானுக்கு எதிராக ஹாக்லரைக் காப்பாற்றிய 14, 15-ஆம் ரவுண்டுகள் இந்தச் சண்டையில் கிடையவே கிடையாது. பேரம் முடிந்த அன்றே சண்டையின் வடிவம் மாறிவிட்டது. ஆனால் விவாதித்தவர்களில் பெரும்பாலோர் ஹெர்ன்ஸை அடித்த ஹாக்லரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி அடுக்கு, நடுவர்கள். ஒவ்வொரு ரவுண்டும் தனித்தனியாக எண்ணப்படும். வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. மயிரிழையில் வென்ற ரவுண்டும் தெளிவாக வென்ற ரவுண்டும் தாளில் ஒன்றுதான். ஒருவர் ஐந்து ரவுண்டுகளைப் பலமாக வென்று, ஏழு ரவுண்டுகளைச் சிறிய வித்தியாசத்தில் விட்டால், தோற்றுப்போவார். ஹாக்லருக்கு இது புதிதல்ல. 1979-இல் இதே சீசர்ஸ் பேலஸில் வீட்டோ ஆன்டுவோஃபெர்மோவுடன் தானே வென்றதாக நினைத்த சண்டை சமநிலை என்று அறிவிக்கப்பட்டது. வேகாஸ் தீர்ப்புகள் மீது அவருக்கு அன்றிலிருந்தே கசப்பு. இந்த முறை அவர் தரப்பே பிரிட்டிஷ் நடுவர் ஹாரி கிப்ஸை வேண்டாம் என்றது. அவருக்குப் பதில் மெக்சிகோவின் ஜோ ஜோ குவேரா வந்தார்.

அன்று இரவு நடந்ததில் பாதி இந்த அடுக்குகளிலேயே எழுதியிருந்தது. மீதிப் பாதியை யாரும் கணிக்கவில்லை. இடதுகை நிலையில் நின்று சண்டையிடும் ஹாக்லர் தொடக்கத்தில் வலதுகை நிலையில் வந்து நின்றார். முதல் ரவுண்டுகள் லெனார்டுக்குப் போயின. ஐந்தாவதில் ஹாக்லர் அவரைத் தடுமாறவைத்தார். ஒன்பதாவது ரவுண்டில் இருவரும் கயிற்றோரம் மாறிமாறிக் கொடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் லெனார்ட் சரம்சரமாகக் குத்துகளை அவிழ்த்துவிட்டார். எல்லாம் வலித்திருக்காது, ஆனால் மணி அடிக்கும்போது நடுவரின் கண்ணில் அதுதான் நின்றது. லூ ஃபிலிப்போ 115-113 ஹாக்லருக்கு. டேவ் மொரெட்டி 115-113 லெனார்டுக்கு. குவேரா 118-110 லெனார்டுக்கு. இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் பட்டம் கைமாறியது.

குவேராவின் 118-110-க்கு நியாயமே கிடையாது. ஹாக்லருக்கு இரண்டே ரவுண்டு கொடுப்பது அந்தச் சண்டையைப் பார்த்தவர் செய்யக்கூடிய காரியமல்ல. மற்ற இருவரின் தாளையும் என்னால் ஏற்க முடிகிறது, இரண்டும் எதிரெதிராக இருந்தபோதும். மூன்று, நான்கு ரவுண்டுகள் எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம். என் தீர்ப்பு லெனார்டுக்கு ஒரு ரவுண்டு கூடுதல் என்பது. ஆனால் 15 ரவுண்டு நடந்திருந்தால் ஹாக்லர்தான் என்று நினைக்கிறேன். அன்று சரியாகக் கணித்தவர்கள் லெனார்ட் வெல்வார் என்று மட்டும் சொன்னவர்கள் அல்லர். புள்ளிகளில், நெருக்கமாக, 12 ரவுண்டு என்பதால் வெல்வார் என்று காரணத்தோடு சொன்னவர்கள்.

சண்டையின் முழுப் பதிவு கிடைக்கிறது. ஒரு தாளில் 12 கோடுகளைப் போட்டுக்கொண்டு, வர்ணனையின் ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும், அடுத்தது தொடங்குமுன் புள்ளியை எழுதிவிடுங்கள்; பின்னால் போய்த் திருத்தாதீர்கள். அந்த இரவுக்குப்பின் ஹாக்லர் ஒரு சண்டையும் போடவில்லை. 2021 மார்ச் 13-இல் காலமாகும்வரை, தானே ஜெயித்ததாகத்தான் அவர் சொல்லிவந்தார்.