காத்திருந்த ஆண்டுகள்

மாதம் பிறந்தால் என் கணக்கில் ஓய்வூதியம் ஏறிவிடுகிறது. மேசை வேலை பார்த்தவன் நான். சேர்ந்த நாளிலிருந்து எல்லாமே பணிப்பதிவேட்டில் இருக்கிறது: கோப்பு எதுவும் வராத நாள்கள், காய்ச்சலில் படுத்திருந்த நாள்கள் உட்பட. அவற்றையும் ஏன் சேர்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிரிட்டனின் சிற்றூர்த் தீயணைப்பு வீரர்கள் நடத்திய வழக்கைப் படித்தபோது இதுதான் மனத்தை உறுத்தியது.

அங்கே சிற்றூர்களில் தீயணைப்பு நிலையம் பெரும்பாலும் ஆளில்லாமல் இருக்கும். வீரர்கள் அதே ஊரில் தச்சராகவோ கடைக்காரராகவோ பிழைப்பவர்கள். இடுப்பில் பேஜர். அது அலறினால் சில நிமிடங்களில் நிலையத்துக்கு ஓடிவர வேண்டும். தயாராக இருப்பதற்கு ஆண்டுக்கொரு தொகை. அழைப்புக்குப் போனால் தனிப்பணம். தீ ஒன்றுதான், புகை ஒன்றுதான். ஆனால் அந்த நாள்களில் முழுநேர வீரருக்கு ஓய்வூதியம் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

பகுதிநேரத் தொழிலாளரைக் குறைவாக நடத்தக்கூடாது என்ற விதிகள் 2000 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்தன. சுமார் 12,000 பேர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தோற்றார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். முழுநேர வீரர்கள் தீத்தடுப்புப் பணிகளும் செய்கிறார்கள், ஆகவே இரண்டும் ஒரே மாதிரி வேலை இல்லை என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். 2006 மார்ச் 1 அன்று, அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது. வேறுபாடுகளை எண்ணிக்கொண்டிராமல் இரு தரப்பும் செய்யும் முக்கியமான வேலை எது என்று பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி ஹேல். அப்படிப் பார்த்தால் முதலில் வருவது தீயை அணைப்பதுதானே!

தீர்ப்பு சரியானது. ஆனாலும் எனக்கு அதற்கு முந்தைய ஒரு கேள்வி இருக்கிறது. நெருப்பில் நின்ற நேரம் மட்டும்தான் வேலையா? பேஜர் கட்டியவர் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு நினைத்த மாத்திரத்தில் போக முடியாது. விருந்தில் ஒரு கோப்பை மது எடுக்குமுன் யோசிக்க வேண்டும். வீட்டில் குழந்தையோடு தனியாக இருந்தால், அழைப்பு வந்ததும் குழந்தையை யாரிடம் விடுவது? இந்தக் கட்டுக்குள் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே வாழ்கிறார்கள். பேஜர் ஒலிக்காத இரவிலும் ஊர் நிம்மதியாகத் தூங்கியது அவர் அங்கே இருந்ததால்தான். அந்த இருப்பை வேலை என்று சொல்ல நாம் ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

வென்ற பிறகும் காத்திருப்பு தீரவில்லை. அவர்களுக்கான தனி ஓய்வூதியத் திட்டம் 2014-இல்தான் வந்தது. அதுவும் 2000 ஜூலைக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மட்டும். பகுதிநேர நீதிபதி ஒருவரின் ஓய்வூதிய வழக்கில், பகுதிநேர விதிகளுக்கு முந்தைய பணிக்காலத்தையும் கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 நவம்பரில் சொன்னது. அந்தத் தீர்ப்பால்தான் தீயணைப்பு வீரர்களுக்கும் வழி பிறந்தது. பணியில் சேர்ந்த முதல் நாள்வரை பின்னோக்கிக் கணக்கிடும் வாய்ப்பு 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் தொடங்கியது. இருபது வயதில் பேஜர் வாங்கியவர்கள் சிலர் அதற்குள் தாத்தாவாகியிருப்பார்கள்.

இது இலவசமும் இல்லை. அந்த ஆண்டுகளுக்குரிய சந்தாவை அவர்கள் இப்போது கட்டியாக வேண்டும். கிடைப்பதும் அன்று வாங்கிய ஊதியத்தின் விகிதத்தில்தான். காத்திருப்புக்கு அன்று கொடுத்தது சிறிய தொகை, ஆகவே இன்றும் சிறிய தொகைதான். சந்தா கட்டச் சொல்வதை நான் ஏற்கிறேன், முழுநேர வீரரும் கட்டினார். முப்பது ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடும் அலைச்சலை மட்டும் முதியவர் தலையில் வைக்கக்கூடாது. அத்தனை இரவுகளும் அவரைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருந்தது நிர்வாகம். கணக்கைத் தேடி எடுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதன் வேலைதான்.