ஏழாம் ஆளின் கணக்கு

கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு வருஷம் பேரேடு எழுதியவன் நான். ஐந்தொகையில் நாற்பது காசு உதைத்தால் ராத்திரி பத்து மணியானாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ரகம். பணி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அமெரிக்காவில், மழையில் ஓடிய பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் மதிப்பெண் தாள் ஒன்று என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடாது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே மகள் வீடு. மாப்பிள்ளைக்குக் கார் கம்பெனியில் பிரேக் சம்பந்தப்பட்ட வேலை. பேத்தி பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கிராஸ் கன்ட்ரி அணியில் இருக்கிறாள் என்று போனில் கேட்டபோது ஏதோ ஊர்சுற்றல் என்று நினைத்துக்கொண்டேன். மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடாமல் புல்வெளி, மேடு, மரத்தடி என்று காடுமேடாக ஓடும் ஓட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் இரண்டு பையன்கள் முயல்களாகக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே ஓட, மற்றவர்கள் வேட்டை நாய்களாகத் துரத்திய விளையாட்டிலிருந்து வந்ததாம். இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 5 கிலோமீட்டர்.

அக்டோபர் கடைசியில் வட்டாரப் போட்டி. முதல் மூன்று இடம் பிடிக்கும் அணிகள் மாநில இறுதிக்குப் போகும். அது புரூக்லின் என்ற ஊரில், கார்ப் பந்தயம் நடக்கும் பெரிய தளத்தில். விடியற்காலையிலிருந்து மழை, ஊடே ஊடே பனித்துகள். வெப்பம் 3 டிகிரி. எனக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர், மேலே மாப்பிள்ளையின் கோட்டு, அதற்கும் மேலே குடை. அந்தப் பிள்ளைகளோ கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாக நிற்கிறார்கள். மாப்பிள்ளை காருக்குள் உட்கார்ந்து ஷூவின் அடியிலிருந்த ஆணிகளைக் கழற்றிவிட்டு அரை அங்குல ஆணிகளாகத் திருகினார். பிறகு ஷூவைக் காலோடு சேர்த்து வெள்ளி நிற டேப்பால் சுற்றினார். எதற்கு என்றேன். "சேறு ஷூவ உருவிடும் மாமா" என்றார்.

காவிரிக்கரைக்காரனுக்குச் சேறு புதிதில்லை. ஆனால் எங்கள் நாற்றங்கால் சேறு பழகிய சேறு; காலை வைத்தால் ஏந்திக்கொள்ளும். இது நூறு ஜோடி ஆணிக்கால்கள் மிதித்து, புல்லையும் வேரையும் சேர்த்துப் பிசைந்த சேறு. காலைப் பிடித்தால் விடாது. ஒரு சரிவின் அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே கையூன்றி எழுந்தார்கள். ஒருத்தி ஒற்றைக்கால் ஷூவோடு போனாள். முகமெல்லாம் ஒரே நிறம். பனியனின் நிறத்தை வைத்துத்தான் எந்தப் பள்ளி என்று சொல்ல முடிந்தது, அதுவும் முதுகுப் பக்கத்தில் மட்டும்.

முதல்நாள் ராத்திரியே பேத்தி எனக்குக் கணக்கைச் சொல்லியிருந்தாள். ஓர் அணிக்கு ஏழு பேர். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அது ஜெயித்தது. ஆறாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் மதிப்பெண் கிடையாது. ஆனால் அவர்கள் வேறொரு அணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அவளுடைய எண் ஒன்று கூடிவிடும். தனக்கு ஒன்றும் வராது, அடுத்தவருக்குச் செலவு மட்டும் வைக்கலாம். "நான் செவன்த் தாத்தா" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஆறுதல் சொல்லும் அவசரத்தில், மளிகைக்கடைக் காலண்டரில் அச்சடிப்பார்களே கீதையிலிருந்து, கடமையைப் பற்றியும் பலனைப் பற்றியும், அதை எடுத்துவிட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கோச் எதிர்பாக்கச் சொல்றாரே. கடைசி நானூறு மீட்டர்ல ஏதாவது ஒரு ஜெர்ஸிய புடிச்சு முந்துன்னு சொல்லியிருக்கார்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆபீசில் பதவி உயர்வு தள்ளிப்போன ஒவ்வொரு தடவையும் என் மேலதிகாரி ஒருவர் இதே வாசகத்தைத்தான் எனக்குச் சொன்னார். சொன்னவருக்கு அவருடைய பலன் மாதாமாதம் சரியாக வந்துகொண்டிருந்தது.

ஓட்டம் முடிந்தது. பேத்தியின் அணி ஐந்தாவது. அவள் நாற்பத்தேழாவதாக வந்தாள். கடைசி மேட்டில் ஒரு பச்சைப் பனியனை முந்தியதை என் கண்ணால் பார்த்தேன். குடையை விட்டுவிட்டுக் கத்தினேன். அவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. மகள் போர்வையைச் சுற்றிக் காருக்குள் தள்ளினாள். எல்லோரும் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும்.

ராத்திரி தூக்கம் வராமல், மாப்பிள்ளையை அச்செடுத்துத் தரச் சொன்ன முடிவுத் தாளை விரித்தேன். பழக்கதோஷம். சிவப்பு அணி 8, 15, 20, 24, 31. கூட்டினால் 98, மூன்றாம் இடம். பச்சை அணி 5, 10, 14, 22, 48. கூட்டினால் 99, நான்காம் இடம். அந்த 48-இல் என் பென்சில் நின்றது. பச்சை அணியின் ஐந்தாவது ஆள் அவள். அவளுக்கு ஒரு படி முன்னால் 47 என் பேத்தி.

பேத்தி அவளை முந்தாமல் இருந்திருந்தால் அவளுக்கு 47. பச்சைக்கு 98. இரண்டு அணியும் சமம். சமமானால் ஆறாவது ஆட்களில் யார் முன்னால் வந்தாள் என்று பார்ப்பார்கள். பச்சையின் ஆறாவது ஆள் 50. சிவப்பின் ஆறாவது ஆள் 57. ஆகப் பச்சைதான் மாநில இறுதிக்குப் போயிருக்கும். மூன்று தடவை கூட்டினேன். பிசகு இல்லை. மதிப்பெண்ணே கிடையாத ஏழாவது ஆளாக ஓடிய என் பேத்தி, தன் அணிக்குக் காலணா லாபம் இல்லாமல், பேர்கூடத் தெரியாத ஓர் அணியைப் போட்டிக்கு அனுப்பி, பேர்கூடத் தெரியாத வேறோர் அணியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். இது அவளுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

பலனை எதிர்பார்க்காதே என்று சொன்னவர்கள், பலன் யாருக்குப் போகும் என்பதை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வைத்திருந்தார்கள்: செய்தவனுக்கே. எதிர்பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வினை தன் ஆளைத் தேடி வரும், ஆயிரம் மாட்டுக்குள் கன்று தாயைக் கண்டுபிடிப்பதுபோல. யார் கொண்டுவந்து சேர்க்கிறார் என்பதில்தான் சண்டை. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தச் சண்டை இருக்கிறது என்று எங்களூர் உபன்யாசகர் ஒருவர் இரண்டு நாள் விளக்கினார். தர்மமே பலனைத் தரும், தனியாக ஒருவர் வேண்டாம் என்பது ஜைமினியின் கட்சி. இல்லை, ஈசுவரனே தருகிறான் என்பது பாதராயணர் கட்சி. நம் சைவ சித்தாந்திகளும் இரண்டாவது பக்கம்தான். வினை ஜடம், அதற்குத் தன் முதலாளியைத் தேடிப்போகும் அறிவு ஏது என்று கேட்பார்கள். வங்கிக்காரன் மொழியில் சொன்னால், பேரேடே பணம் பட்டுவாடா செய்யுமா, காசாளர் வேண்டுமா என்ற கேள்வி. இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்றை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. வரவு வைக்கவேண்டிய கணக்கு எண்ணில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

ஆனால் நம் வீட்டில் நடப்பது அப்படியா? அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணீரும் நான் இறைக்கிறேன், பலன் என் அப்பாவுக்கு. வில்லிபுத்தூரார் பாரதத்தில் கர்ணன் சாகப்போகும் நேரத்தில் தன் புண்ணியத்தையெல்லாம் கண்ணனுக்குத் தாரை வார்க்கிறான். வியாசரிடம் இது கிடையாது. தமிழ்க் கர்ணனுக்கு மட்டும் கிடைத்த பெருமை. ஆக, பலனைக் கணக்கு மாற்றலாம் என்று நாம் நம்பியே வந்திருக்கிறோம். ஒன்று மட்டும் வேண்டும்: கொடுப்பவன் தெரிந்து கொடுக்கவேண்டும், கையெழுத்து வேண்டும். சேற்றில் நடந்த மாற்றத்தில் கையெழுத்தே இல்லை.

இந்த ஓட்டத்தின் பழங்கதைகளை மாப்பிள்ளையைத் தேடிப்படிக்கச் சொன்னேன். 1924 ஜூலை 12, பாரிஸ் ஒலிம்பிக். வெயில் 40 டிகிரிக்கு மேல். புறப்பட்டவர்கள் 38 பேர்; முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் நூர்மி ஒன்றுமே நடக்காததுபோல முதலில் வந்தார். இரண்டாவதும் அவர் நாட்டுக்காரர், ரித்தோலா. அணிக்கு மூன்று பேர் கணக்கு. மூன்றாவது ஆள் லீமட்டாய்னென், வெயிலில் புத்தி கலங்கி, கோட்டுக்குச் சற்று முன்னாலேயே ஓட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கத்தியது. எப்படியோ திரும்பிவந்து பன்னிரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். பின்லாந்துக்கு அணித் தங்கம். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டமே வைக்கவில்லை. கதையைக் கேட்டதும் நான் நினைத்தது நூர்மியைப் பற்றி அல்ல. அந்த மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டிய கணத்தில், தான் எங்கே இருக்கிறோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்குமா? செய்தவனுக்கே நினைவில்லாத செயலுக்குத் தங்கம் என்றால், செயலுக்குக் கருத்தா என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

வள்ளுவரிடமும் போனேன். அவர் என்னை நன்றாக மாட்டிவிட்டார். முப்பத்தெட்டாம் அதிகாரம் ஊழ். அதன் கடைசிக் குறளில் ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்கிறார். அறுபத்திரண்டாம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதன் கடைசிக் குறளில் சளைக்காமல் முயல்பவர் அந்த ஊழின் முதுகையே பார்ப்பார் என்கிறார். உரைகாரர்கள் இரண்டையும் எப்படியாவது நேர்செய்துவிடுகிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. வங்கியில் யாருடைய கணக்கென்று தெரியாமல் ஒரு தொகை வந்துவிட்டால், அதை இஷ்டப்பட்ட பேரில் வரவு வைக்கமாட்டோம். அனாமத்துக் கணக்கில் வைப்போம். உரியவர் வரும்வரை அது அங்கே கிடக்கும். சிலது வருஷக்கணக்கில் கிடக்கும். நேர்மையான குமாஸ்தாவுக்கு அனாமத்தில் ஒரு தொகை நிற்பது அவமானம் இல்லை. அதை மறைக்க வேறு தலைப்பில் தள்ளுவதுதான் அவமானம். மனுஷன் செய்கிற காரியங்களில் பாதிக்கு மேல் அந்தத் தலைப்பில்தான் போகவேண்டும் என்று எனக்கு இந்த வயதில் தோன்றுகிறது. வங்கியில் நான் கண்டுபிடித்த நாற்பது காசுப் பிழை எந்த ஊர் விவசாயியின் கடன் பாக்கியைச் சரிசெய்ததோ, எவன் வேலையைக் காவு வாங்கியதோ. என் மனைவி அடைமழையில் நின்ற யாரோ ஒரு பையனுக்குக் கொடுத்தனுப்பிய குடை என்ன ஆயிற்றோ. அவள் திரும்ப வாங்கும் எண்ணத்தோடுதான் கொடுத்தாள், அதையும் சொல்லிவிடவேண்டும், பலமுறை விசாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி கார்க் கொட்டகையில் உட்கார்ந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஷூ ஆணிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். கணக்குப் பிள்ளையின் வாய் சும்மா இருக்குமா? தாளை எடுத்துப்போய் 47-ஐயும் 48-ஐயும் காட்டினேன்.

அவள் பிரஷ்ஷை நிறுத்தினாள். "அப்ப நான்தான் அவங்கள போகவிடாம பண்ணினேனா?"

"அப்படிச் சொல்ல முடியாது கண்ணு."

"மேத்ஸ் அப்படித்தானே சொல்லுது." கொஞ்சநேரம் தாளையே பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா நான் ஸ்லோ பண்ணியிருக்கணுமா தாத்தா?"

"கூடாது" என்று உடனே சொன்னேன். ஏன் என்று கேட்டாள். குருக்ஷேத்திரத்துக்குப் போகலாம் என்று வாயைத் திறந்தேன்; முடியவில்லை. அர்ஜுனனுக்கு எதிரே நின்ற ஒவ்வொரு முகமும் தெரியும். மடியில் வைத்து வளர்த்தவர் ஒருவர், வில்லைக் கையில் கொடுத்தவர் ஒருவர். அவன் கேட்டது தெரிந்தவன் கேட்ட கேள்வி.

"எனக்கு அவ மூஞ்சிகூட ஞாபகம் இல்ல தாத்தா. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. அதப் பாத்துக்கிட்டேதான் அந்த மேட்ல ஏறினேன். அவ இல்லேன்னா நடந்திருப்பேன்" என்றாள். பிறகு மறுகால் ஷூவை என் கையில் கொடுத்து, இதைத் தட்டிக் கொடுங்கள் என்றாள். தரையில் தட்டினேன். புல்லோடு ஒரு கட்டி விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை மாநில இறுதி. வீட்டில் யாருக்கும் அது ஞாபகமே இல்லை. பேத்தி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் மாப்பிள்ளையிடம், அந்தச் சிவப்புச் சட்டை அணி எத்தனையாவதாக வந்தது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"நமக்கு எதுக்கு மாமா அது?" என்றார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.