குணம்: நோக்கமா, விளைவா?

ஆசனம், மூச்சுப் பயிற்சி, உடலில் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் தியானம் ஆகியவற்றால் நோயும் துயரமும் தணியும் என்ற நம்பிக்கை இன்று உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. அவரவர்க்கு உகந்த வழியை அவரவரே கண்டுகொள்ள வேண்டும் என்ற கருத்தும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் அடியில் பழமையான சமயக் கேள்விகள் இரண்டு கிடக்கின்றன. உடல் விடுதலைக்குத் தடையா, கருவியா என்பது ஒன்று. கருவிதான் என்று கொண்டால், குணமடைவது பயிற்சியின் நோக்கமா, அல்லது வேறொன்றை நோக்கிச் செல்லும்போது இடையில் கிடைக்கும் விளைவா என்பது மற்றொன்று.

முதற்கேள்விக்குத் தமிழ்ச் சைவ மரபே இருவிதமாக விடை கூறியுள்ளது. உடலை அழியும் பொருளாகவும் அருவருக்கத்தக்கதாகவும் காட்டி அதன்மீதுள்ள பற்றை அறுக்கும் நோக்கு பட்டினத்தார் பாடல்களில் மிகக் கடுமையாக வெளிப்படுகிறது. பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள திருமந்திரமோ வேறு திசையில் செல்கிறது. அதன் மூன்றாம் தந்திரம், யமம், நியமம் முதல் சமாதி ஈறாக உள்ள எட்டு உறுப்பு யோகத்தை விரித்துரைப்பது. அத்தந்திரத்தில் உடலை நிலைபெறச் செய்யும் வழிகளைக் கூறும் காயசித்தி உபாயம் என்னும் பகுதியில், முன்பு உடம்பைக் குறையுடையதாக எண்ணியிருந்த திருமூலர், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்தபின் அதைப் பேணத் தொடங்கியதாகக் கூறுகிறார். இங்கே உடலைப் பேணுதல் தன்னலமாகவோ இன்ப நாட்டமாகவோ கருதப்படவில்லை. உள்ளிருப்பவனுக்குச் செய்யும் தொண்டாகவே அது கருதப்படுகிறது. உடற்பயிற்சியின் சமயப் பொருளை இதைவிடத் தெளிவாக நிறுவிய இடம் தமிழில் அரிது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்துக்கு ஒதுக்கியிருப்பவை மூன்றே சூத்திரங்கள். உறுதியும் இதமும் ஒருங்கே அமைந்த இருக்கையாக ஆசனத்தை வரையறுத்து, முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்று கூறி அந்நூல் மேலே சென்றுவிடுகிறது. ஆயினும் சித்தத்தைச் சிதறடிக்கும் ஒன்பது இடையூறுகளை அது வரிசைப்படுத்தும்போது வியாதியையே முதலில் வைக்கிறது. நோய் நீங்குவது யோகத்தின் முடிவு அன்று. எனினும் நோயுள்ளவன் அதைத் தாண்டாமல் மேலே செல்லவும் இயலாது.

இரண்டாம் கேள்வி இருபதாம் நூற்றாண்டில் ஒரு மனிதரின் வாழ்வில் மிகக் கூர்மையாக எழுந்தது. பர்மாவில் பிறந்து வணிகராக வளர்ந்த எஸ்.என். கோயங்கா (1924–2013) கடும் ஒற்றைத் தலைவலியால் துன்புற்று, மார்ஃபின் ஊசியை நாடும் நிலைக்கு வந்து, பல நாட்டு மருத்துவர்களிடம் சென்றும் பயன் காணாமல், 1955இல் ரங்கூனில் தியானம் கற்பித்து வந்த ஊ பா கின்னிடம் சென்றார். பர்மிய அரசின் தலைமைக் கணக்கராகப் பணியாற்றிய இல்லறத்தாரான அவர், தலைவலி நீங்குவதற்காக வந்தவருக்குக் கற்பிக்க இயலாது என்று மறுத்தார். எல்லாத் துயரத்திலிருந்தும் விடுபடுவதற்கான வழியைத் தலைவலி மருந்தாகச் சுருக்குவது அவ்வழியைத் தாழ்த்துவதாகும் என்பது அவர் கருத்து. மனத்தூய்மையே நோக்கமாக இருக்கட்டும், தலைவலி நீங்கினால் அது துணைப்பயன் என்ற உடன்பாட்டுக்குப் பின்னரே கோயங்கா சேர்க்கப்பட்டார். தலைவலி நீங்கியதைக் கோயங்கா பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறிவந்தார். ஆனால் 1969 முதல் இந்தியாவில் அவர் நடத்திய பத்து நாள் முகாம்களில் அதைப் பயிற்சியின் நோக்கமாக ஒருபோதும் முன்வைக்கவில்லை.

ஊ பா கின்னின் இந்த மறுப்பில் ஆழ்ந்த காரணம் இருக்கிறது. அவர் கற்பித்த விபஸ்ஸனா முறையில், உடலில் எழும் வேதனைகள், அதாவது இன்பமோ துன்பமோ இரண்டும் அல்லாததோ ஆன உணர்ச்சிகள், விருப்பும் வெறுப்பும் இன்றிக் கவனிக்கப்பட வேண்டும். வலி போக வேண்டும் என்ற ஏக்கத்துடன் வலியைக் கவனிப்பவர் வெறுப்பையே பயில்கிறார். பயிற்சி எதை அறுக்க வந்ததோ அதையே அவர் வளர்த்துவிடுகிறார். குணத்தை நேராக நாடுவதே குணத்துக்கு இடையூறாகும் நிலை இது. நோயாளிகள் பலர் இதனைத் தம் உடலிலேயே அறிந்திருப்பர்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே முறை என்பது அவ்வழியின் இலக்கணம். சென்னையில் வாழ்ந்து மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) இதற்கு மாறான நிலையில் நின்றார். மைசூர் அரண்மனை யோகசாலையில் இளைஞர்களுக்குக் கடும் ஆசனங்களைக் கற்பித்த அவர், சென்னைக்கு வந்தபின் நோயுற்றோரையும் முதியோரையும் ஒருவர் ஒருவராக அமர்த்தி, நாடி பார்த்து, வயது, தொழில், உடல்நிலை, வழிபடும் தெய்வம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அதற்கேற்ப ஆசனத்தையும் மூச்சின் அளவையும் வகுத்தார். அவரிடம் பயின்ற பட்டாபி ஜோயிஸ் ஓட்டமும் வேகமும் கொண்ட ஒரு முறையையும், இளமையில் நோயால் நலிந்திருந்த பி.கே.எஸ். ஐயங்கார் கட்டையும் கயிறும் துணையாகக் கொண்டு நிலையை நுணுக்கமாகத் திருத்தும் முறையையும் வளர்த்தனர். ஒரே ஆசிரியரிடமிருந்து இத்தனை வேறுபட்ட வழிகள் கிளைத்தது அவர் கொள்கைக்கே சான்று. அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் இக்கொள்கையின்மீதே எழுப்பப்பட்டது: பயிற்சிக்கேற்ப ஆளை வளைப்பதை விடுத்து, ஆளுக்கேற்பப் பயிற்சியை அமைத்தல்.

உள்ளக் காயம் பற்றிய அண்மைக்கால மருத்துவம் இதனுடன் இன்னொன்றைச் சேர்க்கிறது. வன்முறைக்கு உள்ளானவர்களுக்குத் தம் உடலே அச்சத்தின் இருப்பிடமாகிவிடுவதால், கண்ணை மூடி உள்நோக்கி அமர்வதுகூடச் சிலருக்குப் பழைய திகிலைக் கிளப்பிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க்கும் அவர் குழுவினரும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு வேறு சிகிச்சைகளால் பயன்பெறாத 64 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2014இல் வெளியிட்டனர். அதில் பத்து வாரம் யோகம் பயின்றோருள் ஏறத்தாழப் பாதிப் பேர், பயிற்சியின் முடிவில், அந்நோய்க்குரிய வரையறைக்குள் அடங்காத நிலையை எட்டினர். அவ்வகை யோகத்தில் ஆசிரியர் மாணவரின் உடலைத் தொட்டுத் திருத்துவதில்லை; கட்டளை இடாமல், கையை உயர்த்தலாம் அல்லது இருந்தபடியே இருக்கலாம் என்று தேர்வை மாணவரிடமே விடுகிறார். தன் உடல்மீது தனக்கே உரிமை பறிபோனவருக்கு, சிறிய அசைவொன்றைத் தானே தேர்வது மருந்தின் பாதியாகிறது.

எனவே சொந்த வழி என்பது விருப்பத்திற்கேற்பப் பயிற்சிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது ஆகாது. இதமானதை மட்டும் நாடும் மனம், நோயை வளர்த்த பழைய பழக்கங்களுக்கே திரும்பிச் செல்லும். இப்பழக்கத்தின் தடங்களையே யோக நூல்கள் சம்ஸ்காரம் என்கின்றன. தன் முதுகைத் தானே காண முடியாதது போலத் தன் பழக்கத்தையும் ஒருவரால் முழுமையாகக் காண முடியாது என்பதால் ஆசிரியரின் கண் தேவைப்படுகிறது. அதே வேளையில் எந்த ஆசிரியரும் மாணவரின் மூச்சை உள்ளிருந்து அறிய முடியாது. மூச்சு தடைப்படுகிறதா, மறுநாள் உடல் தெளிந்திருக்கிறதா அல்லது சோர்ந்திருக்கிறதா என்ற சான்றை அளிக்கக்கூடியவர் பயில்பவர் ஒருவரே. ஆசிரியர் வகுப்பதும் பயில்பவர் சான்று கூறுவதும் மாறிமாறி நிகழும் இடத்தில்தான் ஒருவருக்குரிய வழி உருவாகிறது. ஊ பா கின்னின் மறுப்பும் கிருஷ்ணமாச்சாரியாரின் தனிக்கவனமும் முரண்படுவனவாகத் தோன்றினாலும், முன்னது நோக்கத்தைப் பற்றியது, பின்னது முறையைப் பற்றியது. நோக்கத்தில் தளர்வின்மையும் முறையில் நெகிழ்வும் ஒருவரிடமே அமையலாம்.

இத்துறையில் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. நோய் நீங்காத ஒருவரை நம்பிக்கை குறைந்தவர் என்றோ பயிற்சியில் தவறியவர் என்றோ பழிப்பது பெருங்கொடுமை. உடல் அழியும் இயல்புடையது என்பதைத் திருமூலரும் மறுக்கவில்லை. நீரிழிவுக்கோ வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்து உட்கொள்பவர்கள் எந்த ஆசிரியரின் சொல்லைக் கேட்டும் அதைத் தாமாக நிறுத்தலாகாது. பயிற்சி தொடங்க விரும்புவோர், கற்பிப்பதற்கு முன் நோயையும் வாழ்வையும் பற்றிப் பொறுமையாகக் கேட்டறியும் ஆசிரியரை நாடட்டும். கேளாமலே கற்பிக்கத் தொடங்குபவரிடமிருந்து விலகிவிடுக.