பாவசங்கீர்த்தனத் தட்டி

“சுவாமி, ஷிப்மெண்ட் அவசரம், ஞாயிறும் ஷிப்டு. பேர் சொல்லாமல் கைப்பேசியிலே பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?” என்று பனியன் கம்பெனித் தொழிலாளர் கேட்கிறீர்கள்.

செய்யலாகாது. இணையத்தின் வழியே தேவதிரவிய அனுமானங்கள் இல்லையென்று 2002-ல் உரோமை சொல்லிற்று. கைப்பேசியில் உங்கள் எண்ணாவது தெரியும். தட்டிக்குப் பின்னே பேரும் ஊரும் வேண்டியதில்லை. உங்கள் வெட்கத்தை அறிந்தே மிலான் அதிமேற்றிராணியார் அர்ச். சார்லஸ் பொரோமேயு 16-ம் நூற்றாண்டில் அத்தட்டியை வைக்கச் செய்தார். என் காதுக்கு உங்கள் குரல் தெரியுமென்று அஞ்சினால், வேறு பங்குக் குருவிடம் தாராளமாய்ப் போங்கள், வருத்தமில்லை.

நேரமோ? மக்களுக்கு வசதியான நாளும் வேளையும் குறிக்கத் திருச்சபையின் 986-ம் சட்டம் குருக்களையே கட்டாயப்படுத்துகிறது. சனி மாலை மட்டும் என்று பலகை எழுதி வைத்தது எம் குற்றம். இராத்திரி ஷிப்டு விட்டு வருகிறவர்கள் அறைவீட்டு மணியை அடியுங்கள்.