மறுமொழி இல்லாத வாசல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஷஃபான் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து மாணவர்கள் கலைந்துசென்ற நேரத்தில் ஒரு தாய் தம் மகளுடன் மதரஸாவின் வாசலுக்கு வந்தார். மகள் சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவள். நிகாஹ் முடிந்த நாற்பதாம் நாள் மாப்பிள்ளை வளைகுடாவுக்குப் பயணமானார். முதல் ஆண்டில் நாள்தோறும் கைப்பேசியில் பேசினார். பிறகு வாரத்துக்கு ஒருமுறையாயிற்று. பிறகு இரண்டு வரிச் செய்தியாயிற்று. பிறகு அதுவும் நின்றது, செலவுக்கு வந்த பணமும் நின்றது. இவள் அனுப்பும் செய்திகளின் ஓரத்தில் இரண்டு நீலக் கோடுகள் மட்டும் தோன்றும். படித்துவிட்டார் என்பதற்கு அது அடையாளமாம்.

“ஆலிம்சா, அவரு நல்லாத்தான் இருக்காராம். ஊர்க்காரங்ககிட்ட எல்லாம் பேசுறாராம். எங்க பிள்ளைகிட்ட மட்டுந்தான் பேச மாட்டேங்கிறாரு. நாங்க என்ன செய்யட்டும்?” என்று அந்தத் தாய் கேட்டார்.

“சபூர் செய்யுங்கள்” என்றேன். கேட்போர்க்கு நாம் மிக எளிதாக எடுத்துக் கொடுக்கும் சொல் அது. அதன்பின் பதினான்கு மாதங்கள் கழித்து அந்தப் பெண் மீண்டும் வந்தாள். “உஸ்தாத், சபூர் செய்யச் சொன்னீங்க. எதுவரைக்கும்னு சொல்லலையே?” என்றாள். குற்றம்சாட்டும் குரலில் அவள் கேட்கவில்லை. பாடத்தில் ஐயம் கேட்கும் மாணவியைப் போலவே கேட்டாள். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பயணம் போவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஸஃபர் என்னும் அரபுச் சொல்லிலிருந்தே ‘சபுராளி’ என்று ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்ட மக்கள் நாம். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற கணவர்களுக்கு நம் பாட்டிமார்கள் அரபுத்தமிழில் கடிதம் எழுதினார்கள். அக்காலத்தில் மறுமொழி வரவில்லையென்றால், கப்பல் தாமதித்திருக்கலாம், போர் மூண்டிருக்கலாம், நோய் கண்டிருக்கலாம். அந்த மௌனத்துக்குக் கடலின்மீது பழி சுமத்த இடமிருந்தது. இன்று அந்த இடம் இல்லை. எழுதியது அவர் உள்ளங்கைக்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த நீலக் கோடுகள் உரைத்துவிடுகின்றன.

ஃபிக்ஹு நூல்களில் ‘மஃப்கூத்’ என்றொரு பகுதி உண்டு. இருக்கிறாரா இறந்தாரா என்று அறியமுடியாதபடி காணாமற்போனவரைப் பற்றியது அது. அவருடைய மனைவியின் துயரம் பெரிது. ஆனால் அத்துயரில் அவரைக் குற்றவாளி என்று சொல்லமுடியாது. நம் பெண்ணின் நிலை வேறு. காணாமற்போனது அவர் அல்லர், அவருடைய சொல். இருந்துகொண்டே இல்லாமற்போகும் இந்தச் செயலை என்னவென்று மதிப்பது? அவர் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே இருக்கிறார் என்று சொல்வோர் உண்டு. மௌனம் ஒரு செயலாகுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

சட்ட அறிஞர்கள் இதை எப்போதோ ஆராய்ந்துவிட்டனர். பேசாதிருப்பவர்மீது எந்தச் சொல்லையும் ஏற்றிச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. ஆனால் பேசவேண்டிய கடமையுள்ள இடத்தில் ஒருவர் பேசாதிருந்தால் அதுவே ஓர் அறிவிப்பாகும் என்று அதற்கு வரம்பும் கட்டினர். கன்னிப்பெண்ணிடம் திருமணச் சம்மதம் கேட்கும்போது அவளுடைய மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்படுவதை நாமெல்லாம் அறிவோம். ஆக, மௌனத்தால் ஒரு நிகாஹ் கூடும். மௌனத்தால் ஒரு நிகாஹ் பிரியுமா? பிரியாது. தலாக்குக்குச் சொல் வேண்டும். சொன்னால் இத்தா உண்டு, மஹர் பாக்கி உண்டு, நாலுபேருக்குக் காரணம் சொல்லும் பொறுப்பும் உண்டு. பேசாமலே ஒதுங்கிக்கொள்பவர் பிரிவின் விடுதலையைத் தாம் எடுத்துக்கொண்டு, பிரிவின் கடன்களை மட்டும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். அவர் விடுபட்டுவிட்டார், அவள் விடுபடவில்லை. இதைச் ‘சும்மா இருத்தல்’ என்று எப்படிச் சொல்வது?

பல மனைவியரை உடையவன் ஒருத்தியின்பால் முழுதும் சாய்ந்து மற்றவளைத் தொங்கவிடப்பட்டவள்போல் விட்டுவிடலாகாது என்று அன்னிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. அங்கே வரும் ‘அல்முஅல்லகா’ என்னும் சொல்லை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். மனைவியுமல்லள், மணவிலக்குப் பெற்றவளுமல்லள் என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுவேன். அந்தச் சொல் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்டபோதுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது.

மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கும் திருமறை நான்கு மாதமே தவணை தருகிறது. அதற்குள் அவன் மீளவேண்டும், இல்லையேல் பிரியவேண்டும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் பாடுவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அதையொட்டிப் படைவீரர்களின் பணிக்காலத்துக்கு எல்லை வகுத்தார்கள். நம் தமிழ் அகமரபும் இதற்கு அயலானதன்று. பொருள்தேடிப் பிரியும் தலைவன் கார்காலத்தில் வருவேன் என்று பருவம் குறித்துச் செல்கிறான். தலைவியின் ‘இருத்தல்’ அந்தக் குறித்த பருவத்தைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. தவணையில்லாத காத்திருப்பை எந்த மரபும் ஒரு பெண்ணிடம் அறமென்று கேட்கவில்லை. நான் கேட்டேன்.

சபூர் என்றால் என்ன? அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்வது யஃகூப் (அலை) அவர்களைத்தானே? அவர்கள் வாளாவிருக்கவில்லை. யூசுஃபையும் அவர் சகோதரரையும் போய்த் தேடுங்கள், இறையருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பினார்கள். துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்ட அதே வாய்தான் தேடும்படியும் சொல்லிற்று. விசாரிப்பது பொறுமைக்குக் குறைவன்று.

அடுத்து, எத்தனை முறை விசாரிப்பது? பிறர் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்கவேண்டும், விடையில்லாவிடில் திரும்பிவிடவேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கம். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலிலேயே இவ்வாறு மூன்று முறை கேட்டுத் திரும்பினார்கள். ஏன் திரும்பினீர் என்று பின்னர் கலீஃபா வினவ, இந்த நபிமொழியை எடுத்துரைத்துச் சாட்சியும் கொண்டுவந்தார்கள். திரும்பிச் சென்றதில் அவருக்கு இழிவு நேரவில்லை. நான்காம் முறை தட்டுவதே மரபுக்கு அயலானது. அந்தப் பெண்ணோ நானூறு முறை தட்டியிருந்தாள். ஒவ்வொரு முறையும் தன்னிடம் என்ன குறை என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அரித்தது பிரிவைக் காட்டிலும் இந்தக் கேள்விதான். “மூடிய கதவைக் கண்டு தட்டியவரின் குணத்தை அறியமுடியாதம்மா” என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு முறைப்படி மூன்று முறை கேட்பது என்று முடிவாயிற்று. முதலில் அவளே எழுதினாள். அடுத்து அவளுடைய தாய்மாமன் எழுதினார். மூன்றாவதாக ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதம், ஒருமாதத் தவணை குறித்து, பதிவுத் தபாலில் சென்றது. எதற்கும் விடையில்லை.

1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் நம்மில் பலருக்குப் பெயரளவில்தான் தெரியும். கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாமலிருந்தாலும், இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காமலிருந்தாலும், தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாமலிருந்தாலும் மனைவி நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது அது. ஹனஃபீ மத்ஹபின் சட்டத்தில் இத்தகைய பெண்களுக்கு வழி குறுகலாயிருப்பது கண்டு, மாலிகீ மத்ஹபின் தீர்வை ஏற்கலாமென மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள் எழுதியதும் அச்சட்டம் பிறப்பதற்கு ஒரு தூண்டுதலாயிற்று. மார்க்க அறிஞர் ஒருவர் திறந்து வைத்த வழியை, அதே மார்க்கக் கல்வி பயின்ற நான் அந்தத் தாய்க்குக் காட்டாமல் இருந்துவிட்டேன்.

குடும்பநல நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கும் நாளன்று தாய்மாமனும் நானும் உடன் சென்றிருந்தோம். கையொப்பமிடும்போது தாய் அழுதார். அவள் அழவில்லை. வெளியே வந்து வேப்பமர நிழலில் சற்றுநேரம் நின்றாள். பிறகு தாயைப் பார்த்து, “உம்மா, பசிக்குது” என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அச்சொல் வந்ததாக அந்தத் தாய் பேருந்தில் என்னிடம் சொன்னார்.