பாடுறவங்க இன்னும் வரலையா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் எங்கே இருப்பேன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் ஒரு பழைய கட்டடத்தின் பின்முற்றத்தில் படியேறினால் ஓர் இசைத்தட்டுக் கடை வரும். வாசலை ஒட்டிய அலமாரியில் அந்த வாரத்துப் புது வரவு: டெக் ஹவுஸ் ஒரு வரிசை, மினிமல் டெக்னோ ஒரு வரிசை, இரண்டிலும் சேராதது ஒரு வரிசை. பாதித் தட்டுகளின் உறையில் படமே இருக்காது. வெள்ளை லேபிளில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், சிலதில் அதுவும் கிடையாது. பத்துப் பன்னிரண்டை அள்ளிக்கொண்டு மூலையில் இருக்கும் டர்ன்டேபிளுக்குப் போவேன். ஹெட்போனை மாட்டி, ஊசியைத் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் வைத்துக் கேட்டுவிட்டு, இரண்டு மட்டும் வாங்குவேன். 14 வருஷமாக இதேதான்.

போன கோடையில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினாள். அவளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. காலையில் காப்பி ஆனதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டில் ஸ்ரீராமஜயம் எழுதுவாள். ஊரிலிருந்து கொண்டுவந்த நோட்டு பத்து நாளில் தீர்ந்துபோயிற்று. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டம் போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் பென்சிலால் புள்ளி வைத்துப் பார்த்து ஒரு கணக்குக் கண்டுபிடித்தாள்: இரண்டு கட்டத்துக்கு ஒரு வரி, பக்கத்துக்கு 27 வரி, 4 பத்தி. ஆக 108. "கட்டம் போட்டவன் தெரிஞ்சுதான் போட்டிருக்கான்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை, முந்தின நாள் வாங்கிவந்த தட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை தட்டு மாற்றும்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு தம்பி, எதுக்கு வாராவாரம் புதுசு?"

"நீ மட்டும் என்ன, ஒரே பேரைத்தானே எழுதறே?"

"நான் நோட்டைத் தவிர புதுசா ஒண்ணும் வாங்கலையே."

மடக்கிவிட்டதாக நினைத்தவன் நான், மடங்கிப்போனதும் நான்தான். சரி, கேட்டுத்தான் பாரேன் என்று ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். 6 நிமிடத் தட்டு, நிமிடத்துக்கு 128 அடி. கொண்டையை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மரியாதையாக முழுதும் கேட்டாள். முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "தாளம் நல்லாத்தான் இருக்கு. பாடுறவங்க இன்னும் வரலையா?"

அன்றைக்குச் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. இந்தத் தட்டுகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று பார்த்தால் புரியும். முதல் ஒரு நிமிடம் வெறும் தாளம்தான்: கிக், அதன் இடைவெளியில் ஒரு ஹை-ஹேட், எங்கேயோ ஒரு கைதட்டல். கடைசி ஒரு நிமிடமும் அப்படியே. முந்தைய தட்டின் வாலோடு இதன் தலையையும், இதன் வாலோடு அடுத்ததன் தலையையும் டிஜே ஒட்டுவதற்காக விட்ட இடம் அது. நடுவிலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 16 பார்களுக்கு ஒருமுறை, அதாவது சரியாக 30 விநாடிக்கு ஒருமுறை, ஏதோ ஒன்று சேரும் அல்லது விலகும். 6 நிமிடத்தில் 768 கிக் விழுகிறது. தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு இது கல்யாணப் பந்தலில் நாற்காலி மட்டும் போட்டுவைத்தது மாதிரிதான் இருக்கும்.

சின்ன வயதில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றேன். தத் தித் தொம் நம்-இல் தொடங்கி ஓரளவு கை திருந்தியதும், வாத்தியார் தினமும் ஒரு மணி நேரம் சர்வலகு மட்டும் வாசிக்கச் சொல்வார். கோர்வை கிடையாது, மோரா கிடையாது, ஓட்டம் மட்டும். கை தானாக ஏதாவது அழகு பண்ணப் பார்க்கும். உடனே தொடையில் ஒரு தட்டு விழும். "பாடுறவர் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு வாசிக்காதே. எதுர இருக்காருன்னு நெனச்சு வாசி." நானும் எதிரே இருந்த சுவர்க் காலண்டரைப் பாடகராக வைத்துக்கொண்டு வாசித்தேன். பெர்லினுக்கு வந்த புதிதில், ஒரு முன்னாள் கிடங்கில் இயங்கிய கிளப்பில், வாசலில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்பியபின், இருட்டில் முதல்முதலாக மினிமல் டெக்னோவை அதற்குரிய சத்தத்தில் கேட்டபோது எனக்குத் தோன்றியது அந்த ஒரு மணி நேரம்தான். யாரோ ராத்திரி முழுக்கச் சர்வலகு வாசிக்கிறார்கள். எதிரே காலண்டர்கூட இல்லை.

அப்படியானால் இது யாருக்காக? என்னைப் பொறுத்தவரை இது சமயக் கேள்விதான். ஜபம் என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் அல்ல, ஒருவரை நோக்கிச் சொல்வது. அந்த ஒருவரை எடுத்துவிட்டுத் திரும்பச் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன?

இந்த இசையில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வைத்திருப்பவர் ராபர்ட் ஹூட். டெட்ராய்ட்காரர், அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவில் இருந்தவர். 1994-இல் அவர் வெளியிட்ட 'மினிமல் நேஷன்' தான் மினிமல் டெக்னோவுக்குப் பெயரும் இலக்கணமும் கொடுத்தது என்று பலரும் சொல்வார்கள். அதே வருஷம் 'இன்டர்னல் எம்பயர்' பெர்லினின் ட்ரெஸார் லேபிளில் வந்தது. பழைய வெர்த்தைம் கடையின் நிலவறைப் பெட்டகத்தில், பெர்லின் சுவர் இடிந்த இரண்டாவது வருஷம், 1991-இல் தொடங்கிய கிளப்பின் லேபிள் அது. ஹூட் பின்னால் முறைப்படி அபிஷேகம் பெற்ற கிறிஸ்தவப் போதகர் ஆனார். ஆனால் கிளப்பை விடவில்லை. ஃப்ளோர்பிளான் என்ற பெயரில், இப்போது மகளோடு சேர்ந்து, தேவாலயப் பாட்டின் துண்டுகளை வெட்டி நாலடித் தாளத்தின் மேல் வைக்கிறார். 2013-இல் வந்த 'பாரடைஸ்' ஆல்பத்தில் இருக்கும் 'நெவர் க்ரோ ஓல்ட்' அப்படி ஒன்று. அதில் கேட்கும் குரல் அரீத்தா ஃப்ராங்க்ளினுடையது. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பதிவான 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்திலிருந்து எடுத்தது. அரீத்தாவின் அப்பா டெட்ராய்டில் பெயர்பெற்ற பிரசங்கியார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாட்டு எங்கிருந்து கிளம்பி எங்கே திரும்பியது என்று தெரியும்.

அந்தத் தட்டை நான் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பியானோ வந்து, அந்தக் குரலும் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை கோவில் பக்கமே போகாத ஜெர்மன் பையன்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஹூட்டோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அவர் காலி நாற்காலியில் ஆளை உட்காரவைத்துவிடுகிறார். யார் என்று அவருக்குத் தெரியும்; ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்த நமஸ்காரம் சேருமா என்பதை அவரவர் மதத்துப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ, அதே மனிதர் 1994-இல் யாரையும் உட்காரவைக்காமல் விட்டபோதுதான் அதிகம் வணங்கினார் என்று படுகிறது.

உடனே சிதம்பர ரகசியத்தை இழுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இழுக்கக்கூடாது. அங்கே திரையை விலக்குவதற்கு ஆள் இருக்கிறார், வெற்றிடத்தின் மேல் தங்க வில்வ மாலை தொங்குகிறது, இதைத்தான் பார்க்கிறோம் என்று பார்ப்பவருக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆடுகளத்தில் திரை இல்லை, விலக்குகிறவரும் இல்லை. நடராஜரை விட்டுவிடுவோம், பாவம், டெக்னோ பற்றி எழுதும் இந்தியர்கள் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வேறொருவரைக் கூப்பிடுகிறேன். அமெரிக்கர் ஸ்டீவ் ரைக் 1965-இல் 'இட்ஸ் கானா ரெயின்' என்று ஒரு படைப்பைச் செய்தார். சான் பிரான்சிஸ்கோ தெருவில் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி உரக்கப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவரின் குரலை டேப்பில் எடுத்து, ஒரே வாசகத்தை இரண்டு டேப்புகளில் ஓடவிட்டார். இரண்டும் சேர்ந்து கிளம்பி, மயிரிழை மயிரிழையாக விலகி, கடைசியில் சொல் கரைந்து வெறும் ஓசையாகிவிடும். எச்சரித்தவர் போய்விட்டார், எச்சரிக்கையும் போய்விட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எழுதினா அப்படிக் கரையாது" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வாயால் சொல்வதும் டேப்பில் ஓட்டுவதும் கரையும். கையால் எழுதும்போது ஒவ்வொரு தடவையும் ஸ்ரீ-யின் வளைவை முதலிலிருந்து போட்டாக வேண்டும். டிரம் இயந்திரங்களிலும் இப்படி ஒரு பேதம் உண்டு. 1983-இல் வந்த ரோலண்ட் டிஆர்-909-இல் ஹை-ஹேட் பதிவுசெய்து வைத்த ஓசை. கிக் அப்படியல்ல, மின்சுற்றில் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கிறது. விளக்குச் சுடர் ஒன்றுபோல் தெரிந்தாலும் கணத்துக்குக் கணம் வேறு சுடர் என்று வாதாடிய பௌத்தர்கள் அந்த இயந்திரத்தைப் பார்த்திருந்தால் கிக்கை மட்டும் தங்கள் கட்சியில் சேர்த்திருப்பார்கள்.

ஆனால் அம்மாவின் முதல் கேள்வி இன்னும் நிற்கிறது. எதற்கு வாராவாரம் புதுசு?

இதற்கு நான் ஒரு கௌரவமான பதில் வைத்திருந்தேன். பழகிய தட்டில் எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரிந்துவிடும். அப்புறம் நாம் கேட்பதில்லை, தெரிந்ததற்காகக் காத்திருக்கிறோம். புதுத் தட்டில்தான் 30 விநாடி முடிகிற இடத்தில் நிஜமாகவே ஒன்றும் தெரியாது. டேனிஷ் தத்துவஞானி கீர்க்கெகார் இதை அனுபவித்தே எழுதியிருக்கிறார், அதுவும் இதே ஊரை வைத்து. 1843-இல் வந்த 'மீள்நிகழ்வு' நூலில் கதைசொல்லி, ஒன்றைத் திரும்ப வாழமுடியுமா என்று சோதிக்கவே மறுபடி பெர்லினுக்கு வருகிறான். பழைய அதே வீட்டில் தங்கப் போனால் வீட்டுக்காரருக்குக் கல்யாணமாகியிருக்கிறது. அதே நாடகக் கொட்டகை, அதே நகைச்சுவை நடிகர். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனை தோற்றுவிட்டது என்று ஊர் திரும்புகிறான். திரும்ப நடப்பது என்பது பழையதை எடுத்துவைப்பதில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அலமாரியில் வருவதில் முக்கால்வாசி இந்தப் பதிலுக்கு லாயக்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக் ஹவுஸ் 90-களின் லண்டனில், தி எண்ட் போன்ற கிளப்புகளில், ஹவுஸின் இடுப்பையும் டெக்னோவின் எலும்பையும் சேர்த்து வளர்ந்த அருமையான சரக்கு. இன்றைக்கு அந்தப் பெயரில் வரும் பலதும் 2018-இல் ஃபிஷரின் 'லூசிங் இட்' அடித்த வெற்றியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவை: உருளும் பாஸ், ஒரு வாய் வார்த்தை, ஒரு நிறுத்தம், மறுபடி உருளல். இங்கே நாற்காலி காலியாக இல்லை, விளம்பரப் பலகை உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் 2016-இல் ஒரு வரி நீதிமன்றம் பெர்கைன் கிளப்பின் இரவுகளைக் கச்சேரிக்குச் சமம் என்று ஒப்புக்கொண்டு 19-க்குப் பதில் 7 சதவீத வரி போதும் என்றது. சில தட்டுகளைக் கேட்டால் மிச்சம் 12-ஐயும் வசூலித்துவிடலாம் என்று தோன்றும்.

இந்தப் பதிலை அம்மாவிடம் கீர்க்கெகார் இல்லாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சுவரோரம் தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு நிற்கும் தட்டுகளைப் பார்த்தாள்.

"நான் எழுதின நோட்டைத் திருப்பிப் பார்த்ததே இல்ல. நெறஞ்சா ஆஞ்சநேயர் கோவில்ல குடுத்துருவேன், மாலை கட்டிப் போட்ருவாங்க. நீ எல்லாத்தையும் அடுக்கில்ல வச்சிருக்கே."

தெரியாததைத் தேடுகிறவன் அதை அகரவரிசையில் ஏன் அடுக்கிவைத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த வாரமும் கடைக்குப் போனேன், போகாமல் இருக்கவில்லை. இரண்டு வாங்கும் இடத்தில் மூன்று வாங்கினேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை. அந்த மூன்றில் ஒன்று, லேபிளில் பெயர் இல்லாதது. ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே போட்டேன், சத்தம் குறைவாகத்தான். அவள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தேன். ஒரு ஸ்ரீராமஜயத்துக்கு ஏறக்குறைய 12 கிக் ஆயிற்று. கடைசி ம்-இன் புள்ளி ஒரு தடவை சரியாகக் கிக்கின் மேல் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். எனக்கு மூச்சு நின்றது. நாலாவதில் புள்ளி கொஞ்சம் பின்தங்கியது. அப்புறம் இன்னும் கொஞ்சம். பத்தி முடிவதற்குள் ஹை-ஹேட் விழும் இடத்துக்கு நழுவிப்போயிற்று. அவள் எதையும் கவனிக்கவில்லை. அடுத்த பத்தியின் ஏழாவது வரியில் புள்ளி மறுபடி கிக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

பேனா கீறியது. உதறிப் பார்த்தாள்.

"தம்பி, வேற பேனா இருந்தா குடு, இதுல மை இல்ல."