கூட்டுக்குத் திரும்பும் பறவையும் நம் கையிலுள்ள அமானிதமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



தலைக்கு மேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று ஸூரத்துல் முல்க்கில் அல்லாஹ் கேட்கிறான். அவற்றைத் தாங்கி நிற்பவன் ரஹ்மான் ஒருவனே என்கிறான். அப்படி ஒரு பறவையை இன்று பார்ப்போம்.

விராலடிப்பான் என்பது மீனைப் பிடித்து உண்ணும் கழுகு. குளிர்காலத்தில் நம் கடலோரத்துக்கும் வரும். ஸ்காட்லாந்தில் கூடு கட்டுபவை குளிருக்கு செனகல், காம்பியா பக்கம் போகும். சுமார் 5,000 கிலோமீட்டர். ஆணும் பெண்ணும் அங்கே தனித்தனியாகத் தங்கும். வசந்தம் வந்ததும், மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், இரண்டும் தனித்தனியே பறந்து வந்து பழைய கூட்டிலேயே சேரும். ஸுப்ஹானல்லாஹ்! வழி காட்டுபவன் யார்?

வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் பிரிட்டனில் இந்தப் பறவை கூடு கட்டுவதே நின்றுபோயிருந்தது. 1954இல் ஒரு ஜோடி கார்ட்டன் ஏரிப் பக்கம் திரும்பி வந்தது. 1958இல் காவல் இருந்தும் ஒருவன் இரவில் மரமேறி முட்டைகளை எடுத்தான். பதிலுக்குக் கோழி முட்டையில் பழுப்பு ஷூ பாலிஷ் தடவிக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான்! அடுத்த வருடம் காவலைப் பலப்படுத்தினார்கள். பொதுமக்களும் வந்து தூரத்திலிருந்து பார்த்தார்கள். குஞ்சுகள் பத்திரமாகப் பறந்தன.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் வந்து, குஞ்சுகளை எடுத்து இதைத் துன்புறுத்தியது யார் என்று கேட்டார்கள். அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கவனியுங்கள். எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, ஸஹாபாக்கள். ஆனாலும் வருந்தினால் போதும் என்று நபியவர்கள் விடவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள்.

சகோதரர்களே! சவூதியிலும் துபாயிலும் 20 வருடம் உழைத்து, கூடப்பிறந்தவனை நம்பிப் பணம் அனுப்பியவர் ஊர் திரும்புகிறார். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. கேட்டால் ஒரு கணக்குச் சீட்டை நீட்டுகிறோம். அது பாலிஷ் தடவிய கோழி முட்டை இல்லையா?

அக்கா தங்கைக்கு அல்லாஹ் வைத்த பங்கு என்ன ஆனது? "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்கிறோம். கல்யாணச் செலவு வாரிசுப் பங்கு ஆகாது. "எனக்கு வேண்டாம் காக்கா" என்று அவள் சொன்னது மனம் விரும்பியா, வாப்பா வீட்டு வாசல் தனக்கு அடைந்துவிடுமே என்று பயந்தா? தொழுகையில் முன் ஸஃப்பில் நிற்கும் நாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தத் தம்பிக்கு, அந்தத் தங்கைக்கு ஒரு போன் போடுங்கள். "உன் பங்கு என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! பிறர் ஹக்கைச் சுமந்தபடி உன்னிடம் திரும்பி வரும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.